தக்காளி குரூப்புக்குப் போன பூட்டிய ஃபைல்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். என் கணவர் இதைக் குறையாகச் சொல்வார். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரி பாகங்களுக்கு அச்சு செய்து தரும் கம்பெனி அது. வாடிக்கையாளர்கள் அனுப்புகிற வரைபடங்களை வாங்கிப் பதிந்து, எது யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு மட்டும் கொடுப்பது என் வேலை. அடுத்த வருஷம் வரப்போகிற வண்டியின் கைப்பிடி எப்படி வளைந்திருக்கும் என்பதுகூட வெளியே தெரியக் கூடாது. காலையில் கேட்டில் நுழையும்போதே எங்கள் போனை வாங்கி நம்பர் போட்ட பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். பூட்டிய வரைபடம் ஒன்றை மெயிலில் அனுப்பிவிட்டு, அதே மெயிலின் அடியில் பாஸ்வேர்டையும் பணிவாக எழுதி வைத்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டு ஊருக்குப் போவாயா அம்மா என்று கேட்டார். ஃபைல் ஒரு வழியில் போனால் பாஸ்வேர்டு வேறு வழியில் போக வேண்டும். மெயிலில் ஃபைல் போயிற்று என்றால் பாஸ்வேர்டைப் போனில் வாயால்தான் சொல்ல வேண்டும். அதையும் வரைபடத்துக்குச் சொந்தக்காரர்தான் சொல்வார், வாங்கினவர் இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. அன்றைக்கு முகம் தொங்கிப் போனாலும் இந்த இரண்டு விதிகளும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின. பாலித்தீன் பையைக் கட்டும்போதுகூட இரண்டு முடிச்சுப் போடுகிறவள் நான்.

பிறகு ஒருநாள் எங்கள் டிசைனர் ஒருவர் அத்திப்பள்ளியில் பஸ் மாறும்போது லேப்டாப் பையைப் பறிகொடுத்துவிட்டார். மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் மட்டும் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டிஸ்க் முழுவதும் என்க்ரிப்ட் செய்தது, எடுத்தவனுக்கு ஒரு காலிப் பெட்டி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். எனக்கு விளங்கவில்லை. பெட்டியை உடைத்தால் உள்ளே இருப்பது இருக்கத்தானே செய்யும் என்று பிற்பாடு அவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் பொறுமைசாலி. பூட்டு என்று வாயில் வருகிறதே தவிர இது கதவுப் பூட்டு இல்லை என்றார். கதவை உடைத்தால் உள்ளே சாமான் அப்படியே இருக்கும். இங்கே சாமானையே அரைத்துத் தூளாக்கி வைத்திருக்கிறோம். உடைத்துக்கொண்டு போகிறவன் கையில் மிளகாய்த்தூள்தான் இருக்கும். அந்தத் தூளைத் திரும்ப முழு மிளகாயாக்குகிற கணக்கு சாவிக்கு மட்டும்தான் தெரியும். சாவி நீளமாக இருந்தால் உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டரை எல்லாம் ஓட்டினாலும் ஊகித்து முடிக்க ஆயுசு போதாது. எல்லாரும் வைத்திருக்கிற பச்சை நிற ஆப்பிலும் இதே சங்கதிதான், என் போனில் அரைபட்டுக் கிளம்புகிற செய்தி உங்கள் போனில்தான் முழுசாகும், நடுவில் கொண்டுபோகிற கம்பெனிக்காரனுக்கே அது தூள்தான் என்றும் சொன்னார். அப்படியானால் எங்கேதான் தப்பு நடக்கும் என்று கேட்டேன். வழியில் ஒன்றும் நடக்காது, இரண்டு முனையிலும் மனுஷன் இருக்கிறானே, அங்கேதான் நடக்கும் என்றார். அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

என் கணவர் வீட்டார் பேரிகைக்குப் பக்கத்தில் தக்காளியும் ரோஜாவும் போடுகிற சம்சாரிகள். மாமனார் மாமியார் இல்லை. நிலத்தை அவருடைய அண்ணன் பார்க்கிறார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் இன்னொரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் எலெக்ட்ரீசியன். ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம், வாரலீவுக்கு ஊருக்குப் போய்விடுவோம்.

அந்தக் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே நம்பர்தான். அது மாமாவுடையது. ரேஷன் கார்டு, கேஸ், கரண்ட், பால் சொசைட்டி, விதைக்கடை எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான் இருக்கிறது. என் கணவர் கைக்குப் போன் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எந்த கவுண்டரில் யார் நம்பர் கேட்டாலும் அவர் வாய் தானாக அண்ணன் நம்பரைத்தான் சொல்லும். ஏதாவது ஓடிபி வந்தால் தோட்டத்தில் இருக்கும் மாமாவைக் கூப்பிட வேண்டும். அவர் வரப்பு மேல் நின்றுகொண்டு பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கிற மாதிரி ஆறு எண்களையும் உரக்கப் படிப்பார். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருப்பதால் அது அவரைக் கட்டுப்படுத்தாது.

ரகசியம் என்பதே எங்கள் பக்கத்தில் சிரமம்தான். வேறு ஊர்களில் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்றால் பாஷையை மாற்றிப் பேசிவிடலாம். இங்கே அது நடக்காது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்குக்குப் போனாலும், தெலுங்கிலிருந்து கன்னடத்துக்குத் தாவினாலும், காய் நிறுக்கிறவர்வரை எல்லாருக்கும் மூன்றும் தெரியும். என் கணவரின் அத்தை மட்டும் நான் தர்மபுரிப் பக்கத்துக்காரி, தெலுங்கு புரியாது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் தெலுங்கில் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குப் புரிந்தது. முக்கால்வாசி என்னைப் பற்றித்தான், எனக்குக் குழந்தை இல்லை என்பதைப் பற்றி.

நான் என் பரிசோதனைகளை முதல் மூன்று வருஷத்திலேயே முடித்துவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அம்மா சொன்னார், என் கணவரையும் அழைத்து வரச் சொன்னார். அவரை அழைத்துப்போக இன்னும் மூன்று வருஷம் பிடித்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாற்பதடிக் கம்பத்தில் ஏறிக் கரண்ட் வேலை பார்ப்பார், இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார், “வரேன். ஆனா என்னா வந்தாலும் நம்ம ரெண்டு பேரோட இருக்கணும். வேற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.” நான் சத்தியம் செய்தேன். எனக்குத் தெரிந்த தொழிலே அதுதானே என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓசூரில் ஒரு லேபுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண், ரிப்போர்ட் இரண்டு நாளில் போனுக்கே வந்துவிடும், ஃபைல் பூட்டியிருக்கும், பேரில் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் பாஸ்வேர்டு என்றாள். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பேரையும் எல்லாருக்கும் தெரிந்த வருஷத்தையும் சேர்த்து வைத்தால் அதற்குப் பேர் பூட்டா? வேறு வைக்க முடியுமா என்றேன். முடியும், ஆனால் யாரும் கேட்டதில்லை என்றாள். பின்னால் வரிசை நின்றது. நான் விடவில்லை. அவள் கீபோர்டை என் பக்கம் திருப்பிவிட்டு, மறந்துபோனால் எங்களைக் கேட்கக் கூடாது என்றாள்.

புள்ளியும் நட்சத்திரமும் போட்ட எட்டெழுத்தைவிட, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை வரிசையாக அடிப்பது பலம் என்று கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் சொல்லியிருந்தார். நமக்கு ஞாபகம் நிற்கும், அடுத்தவனுக்கு ஊகம் நிற்காது. சுற்றிப் பார்த்து ஐந்து சொற்களை அடித்தேன். அவற்றை இங்கேயும் எழுதப்போவதில்லை. நான் அப்படிப் பூட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பக்கத்தில் இன்னொரு பெண் என் கணவரிடம் பேரும் வயதும் போன் நம்பரும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். என் காதில் அது விழவில்லை.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுக்குப் போய்ப் போனை வாங்கினேன். அவரிடமிருந்து பதினோரு அழைப்பு. அன்று அவருக்கு வாரலீவு, ஊரில் இருந்தார். என்னமோ ஏதோ என்று கூப்பிட்டேன்.

“ரிப்போர்ட் அண்ணன் போனுக்குப் போயிருச்சு,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “வாய்தவறி அவுரு நம்பரைக் குடுத்துட்டேன். அவுரு அதைத் தக்காளி குரூப்புல போட்டுட்டாரு.”

தக்காளி குரூப் என்பது சூளகிரி, பேரிகை, உத்தனப்பள்ளிப் பக்கத்துத் தக்காளிக்காரர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கும் குரூப். ராயக்கோட்டை மண்டியில் இன்றைக்கு என்ன விலை, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எவர் டிராக்டர் காலி என்பதெல்லாம் அதில் வரும். என் கணவரும் அதில் இருக்கிறார். மாமாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எது புரியாவிட்டாலும் அதை அப்படியே அந்தக் குரூப்பில் தள்ளிவிடுவது அவர் வழக்கம். யாராவது பார்த்துச் சொல்வார்கள். மானியச் சொட்டுநீர்க் குழாய்க்கு எழுதிக் கொடுத்திருந்தார், அதற்குத்தான் உத்தரவு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். நல்லவேளையாக ஃபைலின் பேர் வெறும் எண்தான். ரசீதில் இருந்த எண்ணை வைத்துத்தான் என் கணவருக்கே அது என்னவென்று தெரிந்திருக்கிறது.

குரூப்பில் வந்த குரல் செய்திகளை எனக்கு அனுப்பச் சொன்னேன். கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருக்க, போனைக் காதோடு வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முதலில் மாமா, “யாராச்சும் இத்தத் தெறந்து பாத்துச் சொல்லுங்கப்பா, கொழாய் வந்துச்சான்னு.” அடுத்தது பூச்சிமருந்துக் கடைக்காரர், பாஸ்வேர்டு கேட்கிறதே என்றார். ஒருவர் ஒன்று இரண்டு மூன்று நான்கு போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். ஒருவர் மாமாவின் போன் நம்பரில் கடைசி நாலு எண்ணைப் போட்டிருந்தார். இன்னொருவர் ஆதார் எண் என்ன என்று கேட்க, மாமா கூச்சமே இல்லாமல் அதையும் படித்திருந்தார். ஊரே கூடித் தேர் இழுப்பது மாதிரி ஆளாளுக்கு ஒரு கை போட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. குழாய் வந்துவிட்டதா என்று அவருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆறாவது செய்தி பேரிகையில் போன்கடை வைத்திருப்பவருடையது. அவர் விவரமானவர். இப்படி வருகிற ஃபைலுக்கெல்லாம் பேரில் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் பாஸ்வேர்டு என்று சொல்லிவிட்டு, மாமாவின் பேரைப் போட்டுப் பார்த்ததாகவும் திறக்கவில்லை என்றும் சொன்னார். அந்த வீட்டுக்கே ஒரு நம்பர்தானே, மற்றவர்கள் பேரையும் போட்டுப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். அடுத்த செய்தியைத் தொட எனக்கு விரல் வரவில்லை. வேலை செய்கிற இடத்தில் பெரிய பெரிய வரைபடங்களை இந்தத் தூள் கணக்கை நம்பி அனுப்பியிருக்கிறேன், ஒருநாளும் இரண்டாம் தடவை யோசித்ததில்லை. இது என் வீட்டுக்காரருடைய மானம்.

தொட்டேன். “தம்பி பேரும் போட்டேன், வருசமும் போட்டேன். ஆவல. இது வேற என்னமோ பூட்டு. என்னாலயே ஆவலன்னா யாராலயும் ஆவாது,” என்றார் போன்கடைக்காரர். கடைசி வாக்கியத்தில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

லேப் பெண் சொன்ன வழக்கத்துக்கே விட்டிருந்தால் அந்த நிமிஷமே இருநூறு போனிலும் திறந்திருக்கும். நான் ஆறிப்போன சாதத்தை முழுசாகச் சாப்பிட்டேன். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, யாராலும் திறக்க முடியாது, பயப்படாதீர்கள் என்றேன். நிச்சயமாகவா என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் நிச்சயமாக என்றேன். அண்ணனிடம் என்ன சொல்வது என்றார். அவரே யோசித்து, அது கம்பெனி ஃபைல் அண்ணா, தவறி வந்துவிட்டது, விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். மாமாவும் அதை அப்படியே குரூப்பில் சொல்லிவிட்டு, தக்காளி விலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். எங்கள் ரிப்போர்ட்டை நாங்களே தக்காளி குரூப்பிலிருந்துதான் இறக்கினோம். மேலே ஒருவர் இலைச்சுருட்டலுக்கு மருந்து கேட்டிருந்தார், கீழே தக்காளிப் பெட்டி விலை, நடுவில் எங்கள் ஆறு வருஷம். ஐந்து சொற்களையும் அவர் பார்க்கவே அடித்தேன். ஃபைல் திறந்தது.

அவருக்கு விந்தணு எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்று வந்திருந்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, என் மேல் தப்பில்லை என்பதை ஒரு ரிப்போர்ட் சொன்னபோது மூச்சு லேசானது. அடுத்ததாக, அவர் முகத்தைப் பார்த்ததும், அந்த நிம்மதிக்காக வெட்கமாக இருந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம், யாரிடமாவது சொல்லிவிடுவாயா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே கூடி உடைத்தும் உடையாத பூட்டைப் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று கத்தினேன். கத்தின பிறகு இரண்டு பேருக்கும் கொஞ்சம் சரியாயிற்று. மறுவாரம் டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையில் சரியாகிவிட வாய்ப்பிருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்து வாருங்கள் என்றார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஊரில் பங்காளி வீட்டில் காதுகுத்து. பந்தல் போட்டுச் சாப்பாடு. என் கணவர் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார், நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிர் வரிசையில் அத்தை. அவர் பக்கத்தில் மாலூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் என்னைக் காட்டி, இந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டார். அத்தை தெலுங்குக்கு மாறினார். அதுக்கு ஏது, ஆறு வருஷமாகிறது, எங்கள் பையன் பாவம், வாய் திறக்காமல் இவளை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான், வேறு யாராவது என்றால் இன்னொன்று கட்டியிருப்பான் என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினேன். அந்தப் பந்தலில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் தக்காளி குரூப்பில் இருக்கிறவர்கள். என் பக்கத்து இலைக்காரர் சட்டைப்பையில் அந்த ஃபைல் இருக்கிறது. போன்கடைக்காரர் மூன்று இலை தள்ளி வடையைத் தின்றுகொண்டிருந்தார். நான் ஐந்து சொல் சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் அத்தைக்கு யாராவது அதைத் தெலுங்கில் படித்துக்காட்டுவார்கள். சொற்கள் தொண்டை வரை வந்துவிட்டன. ஆறு வருஷமாகக் கேட்ட ஒவ்வொன்றும் கூடவே வந்தது. சொல்லவில்லை. நான் ரொம்பப் பெருந்தன்மைக்காரி என்பதால் இல்லை. வரைபடத்துக்குச் சொந்தக்காரர்தான் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும் என்று ஒன்பது வருஷமாகச் செய்த வேலை நாக்கைப் பிடித்துக்கொண்டது. அது அவருடையது. அழுகை மட்டும் என்னுடையது, அதை நிறுத்த முடியவில்லை.

வாளி தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. என் கணவர் என் இலைக்கு நேராக நின்றிருந்தார். அவர் அத்தையிடம் தெலுங்கில் பேசினார், பிறகு அதையே தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கொறை எனக்குத்தான் அத்தே. அவளுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் டாக்டர்கிட்டப் போவாம மூணு வருசம் ஓட்டினேன். இனிமே அவள ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

அவர் காது சிவந்திருந்தது. கம்பத்தின் உச்சியில் நிற்கிறவர் மாதிரி கீழே பார்க்காமல் நின்றார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சாம்பார் ஊற்ற ஆரம்பித்தார். அத்தை இலைக்கும் ஊற்றினார். அத்தை சாதத்தைப் பிசைந்தார்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் மாமா அவரைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா,” என்றார் மாமா.

“மொதல்ல உங்கிட்டத்தாண்ணா வந்துச்சு,” என்றார் இவர்.

மாமாவுக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், தக்காளி குரூப்பைத் தள்ளித் தள்ளி மேலே போனார், அந்த ஃபைலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். அப்படியே போனை வாயருகே வைத்து, “யப்பா, அன்னிக்கு நான் போட்டனே ஒரு பைலு, அத்த எல்லாரும் அழிச்சுடுங்க. அது எங்க வீட்டுது,” என்றார். ஒவ்வொருவராகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். போன்கடைக்காரர் கைகூப்பும் படம் அனுப்பியிருந்தார். அவர்கள் அழித்தார்களா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது தூளாகவே கிடக்கும்.

அத்தை இப்போதும் என்னைப் பற்றிப் பேசுகிறார். இப்போது தமிழிலேயே பேசுகிறார், பெரும்பாலும் என் சாம்பாரில் புளி அதிகம் என்பதைப் பற்றி. இந்த மாற்றம் எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு அதே லேபுக்குப் போனோம். அதே பெண் கவுண்டரில் இருந்தாள். நம்பர் கேட்டாள். அவர் வாய் வழக்கம்போல அண்ணன் நம்பரின் முதல் நாலு எண்ணைச் சொல்லிவிட்டது. நிறுத்தினார். அதை அழித்துவிடச் சொல்லித் தன் நம்பரை மெதுவாக, கணக்கு வாத்தியார் முன்னால் வாய்ப்பாடு ஒப்பிப்பவர் மாதிரி முழுசாகச் சொன்னார். பாஸ்வேர்டு பேரும் வருஷமும் போதுமா, மாற்ற வேண்டுமா என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள். என்னை மறக்கவில்லை.

அவர் முந்திக்கொண்டார். “அதே போதும்மா. ஊருக்கே நான் சொல்லியாச்சு, இன்னும் மறைக்க என்னா இருக்குது?”

“மறைக்க ஒண்ணும் இல்ல,” என்றேன். “ஆனா இது நம்மளுது.”

கீபோர்டை என் பக்கம் திருப்பினேன். பிறகு யோசித்து, அவர் பக்கம் தள்ளிவைத்தேன். அவர் சுவரை, மின்விசிறியை, வாசலில் நின்ற ஆட்டோவை எல்லாம் பார்த்து, ஒற்றை விரலால் ரொம்ப நேரம் தட்டினார். நான் திரும்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். முடித்துவிட்டு என் காதருகே குனிந்து ஐந்து சொற்களைச் சொன்னார்.